லென்ஸில் வைத்த பொட்டு

என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவையும் என் மச்சினனின் ஆரஞ்சு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நல்ல கேமரா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. எந்தக் கேமராவும் என் அத்தானைத் தாங்காது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரில் விவசாயம். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

நான் மன்னார்குடியில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் வீட்டுப் புதுமனை என்று எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவன். என் டிஎஸ்எல்ஆர், கும்பகோணத்தில் ஸ்டுடியோவை மூடிவிட்டுப் போன ஒருவரிடம் செகண்ட்ஸில் வாங்கியது. கைப்பிடி ரப்பர் உரிந்து போய்ப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். வீடியோ எடுக்காது. இருட்டில் எடுத்தால் படத்தில் ரவை கொட்டின மாதிரி புள்ளி விழும். அதைத் தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ஆனால் பட்டனை அழுத்தினால், அழுத்திய அந்த நொடியை எடுக்கும். மாலை கழுத்தில் விழும்போது அழுத்தினால் மாலை விழுகிற படம் கிடைக்கும். இதற்கு மேல் ஒரு கேமராவிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. யூடியூபில் கேமராவைப் பிரித்து மேய்கிற எந்தப் புண்ணியவானும் இதைச் சொல்வதில்லை. அந்தக் கனத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபத்தில் நடந்தால் கூட்டம் தானாக வழிவிடும். பெண்ணின் பெரியப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லலாம். மந்திரம் சொல்கிறவரைக்கூட, "கொஞ்சம் சாஞ்சுக்கங்க சாமி" என்று சொல்லலாம். முதல் பந்தியிலேயே யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலை போடுவார்கள். எனக்கு அந்த மரியாதை இல்லை, கேமராவுக்குத்தான். எனக்குத் தெரியும்.

ஆரஞ்சு கேமராவை என் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான். அங்கே கப்பல் பட்டறையில் வேலை. சோப்பு டப்பா அளவு. கீழே போட்டால் உடையாதாம். தண்ணீரில் போட்டால் நனையாதாம். மேலே ஆள் ஏறி நின்றாலும் நசுங்காதாம். உறைபனியிலும் வேலை செய்யுமாம்.

"உறைபனியா? மாப்ளே, இங்க ஐஸ் வண்டிக்காரன்ட்ட வாங்குன குச்சி ஐஸே வீடு வந்து சேர மாட்டேங்குது" என்றேன்.

"அதுக்கில்ல மாமா, தரம். அதுல உயரம் காட்டும். நாம கடல் மட்டத்துலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு காட்டும், பாருங்க" என்று என் வீட்டுக் கூடத்தில் நின்று அழுத்தினான். நாங்கள் கடலுக்குக் கீழே இருப்பதாகக் காட்டியது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கார்த்திகை மாச மழைக்கு வந்து பாரு, மெஷின் இல்லாமலே தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதில் நாய்க்கு ஒரு மோடு, பூனைக்கு ஒரு மோடு, பனிமலைக்கு ஒரு மோடு, பவளப்பாறைக்கு ஒரு மோடு இருந்தது. கல்யாண மண்டபத்துக்கு எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் உடனே எடுக்காது. பூப்போட்ட சேலை, ட்யூப்லைட், சீரியல் பல்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து யோசித்து, நாம் அடுத்த வேலைக்குப் போன பிறகு எடுக்கும். கும்பிடுகிறவரை எடுத்தால் கும்பிட்டு முடித்துக் காதைக் குடைகிற படம் வரும்.

ஆனால் ஊரில் அதற்கு வந்த கூட்டம் என் கேமராவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. டீக்கடை வாசலில் அதை ஆளாளுக்குக் கீழே போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எச்சில் கிளாஸ் கழுவும் வாளிக்குள் முக்கினார். ஒருவர் பைக்கை ஏற்றுவதாகச் சொல்லி, உண்மையிலேயே ஏற்றினார். சாயங்காலம் முழுக்க இது நடந்தது. அதை வைத்து ஒருவரும் ஒரு படம் எடுக்கவில்லை.

இனி என் அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்கு வருகிறேன். அந்த வார்த்தைக்காகத்தான் நான் பட்ட பாடெல்லாம்.

அக்கா மகளுக்கு வேதாரண்யம் பக்கத்தில் மாப்பிள்ளை. பையன் சென்னையில் வேலை. ஐப்பசியில் கல்யாணம். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா, "போட்டோவுக்குத் தஞ்சாவூர்லேருந்து டீம் சொல்லிடலாம். கேண்டிட் எடுப்பாங்க. ட்ரோன்லாம் வரும். இப்ப எல்லாரும் அதான் வைக்கிறாங்க" என்றார். கேண்டிட் என்றால், படம் எடுப்பது தெரியாத மாதிரி நாம் நடிப்பது. அதற்குத் தனி ஆள், தனி வாடகை.

அக்கா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க தம்பி இருக்கான். அவன்தான் எடுப்பான். அதுல மாத்தமில்லை."

சம்பந்தியம்மா ஒரு சிரிப்புச் சிரித்தார். சரியென்றும் வைத்துக்கொள்ளலாம், பார்க்கத்தானே போகிறோம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு என்னைவிட அக்காவுக்குத்தான் நன்றாகப் புரிந்தது. நான் எடுக்கும் படம் கோணினால் என் பெண்டாட்டிகூட இரண்டு நாளில் மறந்துவிடுவாள். அக்கா அந்தச் சிரிப்பை வளைகாப்பு, பேரன் காதுகுத்து என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கும்.

பூஜை விடுமுறைக்கு மாப்பிள்ளைப் பையன் வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் வெளியில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். குறுவை அறுத்த வயல், வாய்க்கால், பம்புசெட் எல்லாம் வேண்டுமாம். பம்புசெட்டில் வாழ்நாளில் குளிக்காதவர்களுக்குத்தான் பம்புசெட்டில் படம் வேண்டும். எடுத்தேன். சேறு தெறித்தது. என் மச்சினனும் வந்திருந்தான். சும்மா இருப்பானா, எல்லார் முன்னாலும் ஆரஞ்சு கேமராவைத் தொட்டிக்குள் விட்டெறிந்து, குதித்து எடுத்துக் காட்டினான்.

கரையில் நின்ற அத்தான் வாய் பிளந்து பார்த்தார். "இப்ப கேமராவெல்லாம் இப்படித்தான் வருதா?"

"ஆமாண்ணே. இப்ப எல்லாம் இப்படித்தான்" என்றான் மச்சினன்.

பதினெட்டு வயது வரை பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிக்க வைத்தார்கள். கூடவே 'இது மட்டும்தான் இப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் பைக்கில் வந்திருந்தேன். அக்கா, "கேமராவை இங்கயே வச்சிட்டுப் போடா, நனைஞ்சிடும்" என்றாள். நனையக் கூடாது என்றுதான் வைத்துவிட்டுப் போனேன். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் இருக்கிற சாமான் ஒன்றுகூடத் தப்பாது. நான் மத்தியானம் போனபோது அக்கா வீட்டு வாசலில் டிராக்டர் வாழைக்கன்று கட்டி நின்றது. மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் மெஷின், மோட்டார் சாவி, அக்காவின் தையல் மெஷின், மிக்ஸி எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. என் கேமரா பை காலியாகக் கொடியில் தொங்கியது.

"கேமரா எங்க அத்தான்?"

"நெல்லுல இருக்கு மச்சான்" என்றார், பானையில் தண்ணீர் இருக்கிறது என்பது மாதிரி.

"நெல்லுலயா?"

"காலையில பம்புசெட்ல காட்டிக் கழுவினேன். பூரா சேறு. பூசைக்கு வைக்கிற சாமானை அப்படியேவா வைக்கிறது? பொட்டு வச்சு, பூ வச்சு, கற்பூரம்லாம் காட்டியாச்சு. அப்புறம் பாத்தா கண்ணாடிக்கு உள்ள கொஞ்சம் தண்ணி நிக்கிற மாதிரி இருந்துச்சு. வாட்சப்புல போட்டிருந்தானே, நனைஞ்ச போனை அரிசியில போடச் சொல்லி. அரிசி என்ன அரிசி, வாசல்ல நெல்லே குமிச்சுக் கெடக்கேன்னு உள்ள வச்சு மூடிட்டேன்."

வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது குறுவை நெல். எந்த நெல் தெரியுமா? கொள்முதல் நிலையத்தில் மெஷினை வைத்துப் பார்த்து, ஈரப்பதம் கூடுதல், காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிய நெல்.

"அத்தான், இது ஈர நெல்லு இல்லையா?"

அவர் முகம் மாறியது. கேமராவைக் கழுவியதாகச் சொன்னபோது மாறாத முகம். "யாரு சொன்னா ஈரம்னு? அவன் மெஷின்ல ஈரம். நெல்லுல ஈரம் இல்ல. நான் பல்லுல கடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்திட்டுப் போனேன். டக்குனு ஒடையுது. நீயும் கடிச்சுப் பாரு."

அந்த மெஷினோடு அவருக்கு ஒரு வாரமாகச் சண்டை. நெல் ஈரம் என்று ஒப்புக்கொண்டால் மெஷின் ஜெயித்ததாகிவிடும். அதனால் அந்தக் குவியலுக்குள் கையை விட்டால் இட்லிப் பானைக்குள் விட்ட மாதிரி ஆவி அடித்தாலும் அது காய்ந்த நெல்தான்.

கையை விட்டு எடுத்தேன். பட்டன் இடுக்கெல்லாம் பதரும் தூசியும். பிளாஷ் மாட்டும் இடத்தில் சந்தனம். லென்ஸின் நட்ட நடுவில், பாப்பாவுக்கு வைப்பது போல வட்டமாகக் குங்குமம். அதைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தால் மார்கழிப் பனி.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நெல் அங்கேயே பொரியாகியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணப் பெண்ணின் அப்பாவை, அதுவும் அக்கா புருஷனை, வீட்டில் முகூர்த்தக்கால் ஊன்றின பிறகு சத்தம் போட எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் வேறு, "தொட்டியில போட்டாலே ஒண்ணும் ஆவாதுன்னு தம்பி சொல்லுச்சே" என்று என் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, "என்னடா, என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. சரியாயிரும்" என்றேன்.

சரியாகவில்லை. தஞ்சாவூரில் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போகவே மூன்று நாலு நாள் ஆகிவிட்டது. அவர் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இடுக்கியால் ஒரு நெல்லை எடுத்து மேஜையில் வைத்தார். வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"தாளடிக்கு நாத்து விட்டிருக்கீங்களா சார்?" என்றார்.

காய்ந்த நெல் முளைக்காது என்று அத்தானிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது. போர்டு போய்விட்டது, லென்ஸும் போய்விட்டது, இந்த மாடலுக்குச் சாமான் வருவது நின்று எவ்வளவோ காலம் என்றார் அவர். வாடகைக்குக் கேமரா தேடினேன். பெரிய முகூர்த்த நாள். திருவாரூர், நீடாமங்கலம், பட்டுக்கோட்டை வரை கேமரா வைத்திருந்தவன் எல்லாம் ஏதாவது ஒரு மேடைக்குப் போக வாக்குக் கொடுத்திருந்தான். சம்பந்தியம்மா சொன்ன கேண்டிட் டீமை இனிமேல் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். வந்தாலும் அக்கா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

மச்சினன் ஆரஞ்சு கேமராவைத் தாம்பாளத்தில் வைக்காத குறையாக நீட்டினான். "நான் அன்னைக்கே சொன்னேன்ல மாமா. இதா இருந்தா கழுவி நெல்லுல போட்டிருந்தாலும் வேலை செஞ்சிருக்கும்."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

மாப்பிள்ளை அழைப்பன்று மாலை அந்தச் சோப்பு டப்பாவோடு மேடை ஏறினேன். ஏறின வேகத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா என் தோளில் கையை வைத்து, "தம்பி, செல்லுல எடுக்கிறவங்கல்லாம் அப்புறம் எடுக்கலாம். போட்டோகிராபர் வந்துரட்டும்" என்று படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

மூன்றாம் படியில் நின்று பார்த்தேன். சம்பந்தியம்மா அக்காவிடம் சாய்ந்து, "உங்க தம்பி கேமரா எடுத்துட்டு வரலீங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அதே சிரிப்பு.

"வண்டில இருக்குங்க. எடுக்கத்தான் போறான்" என்றாள் அக்கா. கேமரா செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பம்பரத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

வண்டியில் உண்மையிலேயே இருந்தது. ரிப்பேர்க்காரரிடமிருந்து வாங்கிவந்த பிணம், பையோடு. எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். பெரிய பிளாஷ் வேறு பையில் தனியாக இருந்ததால் அத்தான் கையில் சிக்காமல் பிழைத்திருந்தது. அதற்குத் தனி பேட்டரி. அதைச் செத்த கேமராவின் தலையில் செருகினேன். பிளாஷின் முதுகில் ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் சும்மா ஒரு வெளிச்சம் அடிக்கும். ஆரஞ்சு கேமராவைச் செத்ததற்குக் கீழே, வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி ஏறினேன். அதே சித்தப்பா, "வாங்க வாங்க, ஏம்ப்பா, போட்டோகிராபருக்கு வழி விடுங்க" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் படிக்கட்டுக்கு அனுப்பியது இதே மூஞ்சியைத்தான்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் இப்படித்தான் ஓடியது. "எல்லாரும் இங்க பாருங்க" என்று செத்த கேமராவைக் கண்ணில் வைப்பேன். நெல் தூசி மூக்கில் ஏறும். சனம் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, பாஸ்போர்ட் ஆபீசில் நிற்கிற மாதிரி நிற்கும். பிளாஷை அடிப்பேன். படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து மூச்சை விடுவார்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பவரைக் கேலி செய்வார். அந்த நேரத்தில்தான் வயிற்றில் இருக்கிற ஆரஞ்சு கேமரா யோசித்து முடித்துக் 'கிளிக்' என்னும். குனிந்து நிமிர்ந்து, தோராயமாகக் குறிவைத்ததில் பல படங்களில் தலை வெட்டுப்பட்டது. சிலதில் என் கட்டைவிரல் விழுந்தது. செய்கிற காரியம் என்ன, எனக்கே அசிங்கமாக இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒருவர்கூட ஏன் கீழே ஒரு ஆரஞ்சு டப்பா இருக்கிறது என்று கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே பெரியதாக ஒன்று இருந்தால் கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

தாலி கட்டும் நேரம் வந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை கையைக் கொண்டுபோனான். வேண்டும் என்றே முன்கூட்டியே அழுத்தினேன். அந்தச் சனியன் அட்சதைக்கும் பூவுக்கும் நடுவில் எதைப் பார்ப்பது என்று திகைத்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுக் கையை எடுத்துவிட்டான். பிறகு எடுத்தது.

எங்கள் பக்கம் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போடுவாள். என்னிடம் வந்தது நாத்தனார் போட்ட முடிச்சு. மாப்பிள்ளை போட்டது என்னிடம் இல்லை. ஒரு கல்யாணத்தில் இல்லாமல் இருக்கக்கூடாத படம் ஒன்றுதான். அது இல்லை.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் பந்தியில்தான் உட்கார வைத்தார்கள்.

மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தி வீட்டார் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். படத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பென்டிரைவை டிவியில் செருகினேன். அக்கா கையில் வடைத் தட்டோடு சுவரோரம் நின்றாள். உட்காரவில்லை.

முதல் படத்தில் சித்தப்பா. மூச்சை விட்டு, வாய் திறந்து, தொப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் மாப்பிள்ளை மூக்கைச் சொறிய, பெண் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் சம்பந்தி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுதது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது போல. கூடத்தில் ஒரே சிரிப்பு. ஒருவர்கூடப் படத்தில் கேமராவைப் பார்க்கவில்லை.

"கேண்டிட்னா இதாம்மா" என்றான் மாப்பிள்ளைப் பையன். "அந்த டீம்ல சொல்லிச் சொல்லி நடிக்க வைப்பாங்க. இவரு எடுத்தது யாருக்குமே தெரியல பாருங்க."

எனக்கே தெரியவில்லை என்று சொல்லவில்லை.

பிறகு தாலிப் படம் வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். திரை முழுக்க அவருடைய மகள், அந்த நாத்தனார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் தோள் கொஞ்சம், எங்கள் பெண்ணின் குனிந்த தலை கொஞ்சம்.

"நம்ம பாப்பாவப் பாருங்க" என்றார் சம்பந்தியம்மா கணவரிடம். "எவ்வளவு அம்சமா விழுந்திருக்கா." அக்காவிடம் திரும்பி, "இதைப் பெருசாப் போட்டு எங்க கூடத்துல மாட்டணுங்க. தம்பிகிட்ட சொல்லிருங்க" என்றார். மாப்பிள்ளை தாலி கட்டுகிற படம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரையிலும் கேட்கவில்லை.

அக்கா வடைத் தட்டை அவருக்கு நீட்டினாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே சம்பந்தி" என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன். படங்களை எடுத்தது, தன் கையால் கழுவிப் பொட்டு வைத்த கேமராதான் என்று அத்தான் நினைத்துக்கொண்டுவிட்டார். யார்தான் வேறு விதமாக நினைப்பார்கள்? கண்ணால் பார்த்தாரே.

மறுநாளே கொள்முதல் நிலையத்திலிருந்து போன் செய்து வரச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நல்ல வெயில். விட்டுவிட்டு அடித்ததில் நெல் அதுபாட்டுக்குக் காய்ந்திருந்தது. நான் போனபோது சரக்கை இறக்கி வைத்துவிட்டு, அங்கே வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேர் நடுவில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தா, எங்க மச்சானே வந்துட்டாரு. தண்ணியில முக்கி எடுத்த கேமரா. இதே நெல்லுலதான் போட்டு வச்சேன். அரை நாளுதான். கல்யாணம் பூரா அதுலதான் எடுத்தாரு. சம்பந்தி வீட்டுல அசந்துட்டாங்க. இந்த நெல்லைப் போயி ஈரம்னு சொன்னா எப்புடி? நீயே சொல்லு மச்சான், காஞ்சுச்சா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெஷினைக் கையில் வைத்திருந்த பணியாளரும் பார்த்தார். வேலையில்லாமல் நான் இருக்கிறேன். கேமரா பீரோவுக்கு மேலே செத்துக் கிடக்கிறது. அதன் வயிற்றில் முளைத்த நெல்லை ஒரு தாளில் மடித்து நான் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். என்றைக்காவது இவர் முகத்துக்கு முன்னால் நீட்டத்தான் வைத்திருந்தேன். அதைவிட நல்ல நேரம் இனி வராது. நீட்டினால் அத்தானுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் அக்காவுக்குத் தெரியும், தை மாதத்துக்குள் வேதாரண்யத்துக்கும் தெரிந்துவிடும்.

"காஞ்சுச்சு அத்தான்" என்றேன்.

பணியாளர் மெஷினை நெல்லில் வைத்தார். சரியாக இருந்தது. எடை போடச் சொன்னார். அத்தான் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், நான் என்னவோ சாட்சி சொல்லி அவருக்குக் கேஸ் ஜெயித்துக் கொடுத்த மாதிரி.

இப்போது ஊரில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் அத்தான் வீட்டு நெல்லில்தான் கொண்டுவந்து போடுகிறார்கள். மச்சினன் சிங்கப்பூர் திரும்பும்போது ஆரஞ்சு கேமராவை எனக்கே கொடுத்துவிட்டுப் போனான். வருகிற ஆயுத பூஜைக்கு இரண்டையும் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அத்தான்.

ஆரஞ்சைக் கொண்டுபோவேன். அவர் கழுவட்டும்.